பெயர்ந்தோமா, பெயர்க்கப்பட்டோமா? இடம் மாறுவதைத் தமிழில் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், முகவரி மாற்றக் கடிதம் என்று எழுத்து வேலைதான் பெரும்பாலும் வரும். சென்ற வருடம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் அம்மாபேட்டையில் வாடகைக்கு இருந்துவிட்டுச் சூரமங்கலத்துக்கு வீடு மாறியவர். கேஸ் இணைப்பில் முகவரியை மாற்ற வேண்டும். "குடிபெயர்ந்துவிட்டோம்னு போடுங்க, நல்லாயிருக்கும்" என்றார். போட்டேன். மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வந்தார். சாலையை அகலப்படுத்தியபோது வீட்டை இழந்தவர். "சாலைப் பணியின்போது எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தது" என்று அடித்து, அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நாங்களா போகலீங்க தம்பி. எடுத்துட்டாங்க" என்றார்.

இரண்டு மனுவிலும் நான் போட்டது 'பெயர்' என்ற ஒரே வினைச்சொல். வாடகை வீடு மாறியவருக்கு அந்தச் சொல் அதிகம். பெரியவருக்கு அது போதவில்லை. அன்று முதல் இந்தச் சொல்லை எங்கே போடுவது, எங்கே விடுவது, எந்த வடிவில் போடுவது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மனு எழுதுபவர்களுக்கும், செய்தி எழுதுபவர்களுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதல் படி: காதால் கேளுங்கள்

'பெயர்' என்ற வினையை அகராதியில் தேடும் முன் வீட்டில் தேடுங்கள். கட்டிலில் இடித்துக்கொண்டால் "நகம் பேந்துபோச்சு" என்கிறோம். மழை பிடித்தால் "சுவத்துல காரை பேந்து விழுது" என்கிறோம். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் "தார் பேந்துக்கிடக்கு" என்று டிரைவர்கள் சொல்வார்கள். இந்தப் 'பேந்து'தான் எழுத்தில் 'பெயர்ந்து'.

இன்னொன்றும் உண்டு. தரையில் பதித்த கல்லைக் கடப்பாரை போட்டுப் "பேத்து எடு" என்கிறோம். சண்டையில் "முகரையைப் பேத்துடுவேன்" என்று சொல்வதைக் கேட்காதவர் இருக்க முடியாது. இந்தப் 'பேத்து'தான் எழுத்தில் 'பெயர்த்து'.

இப்போது இந்த எடுத்துக்காட்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். நகம், காரை, தார், தரைக்கல் எல்லாமே ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தவை, அழுத்தமாகப் பிடித்திருந்தவை. அந்தப் பிடி விட்டுப்போவதுதான் பெயர்தல். மேசைமேல் இருக்கும் டம்ளரை நகர்த்தினால் அது பெயரவில்லை, நகர்ந்தது. டம்ளருக்கு மேசையோடு பிடிப்பு எதுவும் இல்லை. இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை இதுதான்: பிடிப்பு இருந்த இடத்தில்தான் பெயர்தல் இருக்கும்.

இரண்டாம் படி: 'ந்த்' வருகிறதா, 'த்த்' வருகிறதா?

தானாக நடந்தால் பெயர்ந்தது. ஒருவர் செய்தால் பெயர்த்தார். சேர்ந்தது – சேர்த்தார், பிரிந்தது – பிரித்தார், உதிர்ந்தது – உதிர்த்தார் என்று நமக்குப் பழகிய அதே அமைப்புதான். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்பார்கள்.

பெயர்கிறது, பெயர்ந்தது, பெயரும், பெயர, பெயரவில்லை, பெயராத: இது ஒரு வரிசை. பெயர்க்கிறார், பெயர்த்தார், பெயர்ப்பார், பெயர்க்க, பெயர்க்கவில்லை, பெயர்க்காத: இது இன்னொரு வரிசை. தடுமாற்றம் வரும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வல்லினம் அழுந்தி வந்தால் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம்.

பெயர்ச்சொல்லாக்கும்போதும் இந்த வேறுபாடு நிற்கும். தானாக நடப்பது 'பெயர்வு' அல்லது 'பெயர்ச்சி': இடப்பெயர்வு, குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி. ஒருவர் செய்வது 'பெயர்ப்பு': மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு. குருவை யாரும் தூக்கிவைப்பதில்லை. அது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு ராசி என்று போய்க்கொண்டிருக்கும். சனி ஒரு ராசியில் இரண்டரை வருடம் இருக்கும். ஆகவே பெயர்ச்சி. ஒரு நூல் தானாக வேறு மொழிக்குப் போகாது, ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஆகவே பெயர்ப்பு. 'மொழிபெயர்ந்த நூல்' என்று எழுதுவது இதனால்தான் தவறு. 'மொழிபெயர்க்கப்பட்ட நூல்' அல்லது 'அவர் மொழிபெயர்த்த நூல்' என்று எழுத வேண்டும்.

ஆனால் சங்கப் பாடலில் 'மொழிபெயர் தேஎம்' என்று வரும். அது மொழிபெயர்ப்பாளர்களின் நாடு அல்ல. நடந்துகொண்டே போனால் தமிழ் முடிந்து வேறு மொழி தொடங்கும் நிலம், மொழி தானே பெயர்ந்துவிடும் நிலம். தொல்காப்பியத்தின் மரபியலில் வரும் 'மொழிபெயர்த்து' என்பதோ ஒருவர் செய்யும் வேலை. அந்தக் காலத்திலேயே இரண்டு பொருளும் தெளிவாகப் பிரிந்து நின்றிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மூன்றாம் படி: பேரைப் பிரித்துவையுங்கள்

'பெயர்' என்றால் பேரும்தான். பெயர்ப்பலகை, பெயர்ப்பட்டியல், பெயரன் (பேரன்) எல்லாம் அந்தப் பெயர். 'பெயர்ப்பலகையைப் பெயர்த்தார்கள்' என்ற வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன, குழப்பம் ஒன்றும் இல்லை. 'பெயர் மாற்றம்' என்றால் கெஜட்டில் பேர் மாற்றுவது. 'இடமாற்றம்' வேறு. சரி, மேலே போகலாம்.

நான்காம் படி: எதோடு சேர்கிறது என்று பாருங்கள்

இதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய படி. பெயர்தல் தனியாக வருவதைவிட இடம், குடி, புலம், மொழி என்ற சொற்களோடு சேர்ந்து வருவதே அதிகம். எதில் பிடிப்பு விட்டது என்பதை இந்த முதல் சொல்தான் சொல்கிறது.

இடம்பெயர்தல்: இருந்த இடத்தின் பிடி விடுவது. வெள்ளம், பஞ்சம், அணை, போர், வேலையின்மை என்று ஏதோ ஒன்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்ற தொனி இதில் உண்டு. திரும்பி வருவார்களா, மாட்டார்களா என்று சொல் முடிவு கட்டுவதில்லை. வறட்சியில் ஊரை விட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய், மழை பெய்தால் திரும்பும் குடும்பத்துக்கும் இதை எழுதலாம். பேச்சில் இதையே 'பொழைக்கப் போயிருக்காங்க' என்போம். கட்டுரையில்கூட 'பிழைக்கப் போனார்கள்' என்று எழுதலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. பல இடங்களில் 'இடம்பெயர்ந்தனர்' என்பதைவிட அது உண்மையாகவே ஒலிக்கிறது.

பள்ளி அறிவியலில் வரும் 'இடப்பெயர்ச்சி'யைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். அதற்கு நம் மலைப்பாதையே நல்ல பாடம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏற்காடு ஏரிக்குப் போகிறோம். பஸ் சுற்றிய முழுப் பாதையும் 'தொலைவு'. அடிவாரத்திலிருந்து ஏரிக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அதுதான் 'இடப்பெயர்ச்சி'. மாலையில் அதே பஸ்ஸில் அடிவாரத்துக்கே திரும்பிவிட்டால் தொலைவு இரட்டிப்பு, இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். மொழியும் அப்படியே கணக்குப் போடுகிறது: தினமும் மலையேறி வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவரை யாரும் 'இடம்பெயர்ந்தவர்' என்று சொல்வதில்லை.

குடிபெயர்தல்: இதில் போவது ஆள் மட்டும் அல்ல, குடி. அடுப்பு, குடும்பம், உறவு, சில சமயம் குலதெய்வத்தின் பிடிமண் எல்லாமே போகின்றன. சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் சரியாகப் பொருந்தும். (கேரளத்தவர் அல்ல இவர்கள், தமிழ் பேசுபவர்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. திரும்பிப் போகும் எண்ணம் இல்லாமல், வேரோடு வந்து வேரூன்றிய கதை. அதுதான் குடிபெயர்தல். அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் போனது குடிபெயர்தல் அல்ல. அன்று நான் அந்த வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

புலம்பெயர்தல்: புலம் என்றால் நிலம், நாடு. எல்லை கடந்து போனால் இந்தச் சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சொல்லும்போது, பல மொழி பேசும் 'புலம்பெயர் மாக்கள்' கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்று வருகிறது. அங்கே அது துயரச் சொல்லாக இல்லை. இன்று அதைக் கேட்டதும் 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வெளிநாடுகளுக்குப் போனவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். சொல்லில் அந்தக் கனம் ஏறிவிட்டது. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்துபோன வெளிமாநிலத் தொழிலாளர்களையும் 'புலம்பெயர் தொழிலாளர்' என்று எழுதினார்கள், அதுவும் நிலைத்துவிட்டது. சேலம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று 2021-இல் தமிழ்நாடு அரசு மாற்றியது. அகதி என்றால் கதி இல்லாதவர். நாற்பது வருடமாக இங்கேயே இருந்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்தவரை அப்படி எழுத என் கை வருவதில்லை.

மொழிபெயர்த்தல் பற்றி முன்பே பார்த்தோம்.

இந்தச் சொற்களைச் சேர்த்தே எழுதுங்கள்: இடம்பெயர்ந்தார், குடிபெயர்ந்தார். நடுவே 'ஐ' போட்டு 'இடத்தைப் பெயர்ந்தார்' என்று எழுதக் கூடாது. 'இடம்பெற்றார்' என்பது வேறு. பட்டியலில் இடம்பெறுவது இடம் கிடைப்பது.

ஐந்தாம் படி: பெயர்தல் தேவையே இல்லாத இடங்கள்

மனுவில் கனமான சொல் போட்டால் மதிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றாட விஷயத்துக்கு அன்றாடச் சொல்தான் தெளிவு.

வாடகை வீடு மாறினால் 'வீடு மாறினோம்' போதும். 'வீட்டை மாற்றினோம்' என்றால் வீட்டையே வேறு மாதிரி ஆக்கினோம் என்றும் பொருள்படும். 'வீடு மாறிப் போய்விட்டேன்' என்றாலோ தவறான வீட்டுக்குப் போய்விட்டேன் என்று ஆகிவிடும். ஒரு உருபு, ஒரு துணைவினை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய வீட்டைப் பற்றிச் சொல்லும்போது 'காலி செய்தோம்'. புது வீட்டைப் பற்றிச் சொல்லும்போது 'குடிபோனோம்', பேச்சில் 'பால் காய்ச்சினோம்'. ஆடியில் இங்கே பெரும்பாலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆவணி பிறந்ததும் "எப்பப் பால் காய்ச்சறீங்க?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் கேட்கும். அதற்கு 'எப்போது குடிபெயர்கிறீர்கள்' என்று பொருள் இல்லை, 'எப்போது புது வீட்டுக்கு வருகிறீர்கள்' என்றுதான் பொருள்.

வேலையில் ஊர் மாறினால் 'பணியிட மாறுதல்'. ஆசிரியர்களுக்கு 'மாறுதல் கலந்தாய்வு' நடக்கிறது. பேச்சில் 'ஆத்தூருக்கு மாத்தலாகிப் போயிட்டார்'. அலுவலகமோ கடையோ இடம் மாறினால் 'மாற்றப்பட்டுள்ளது', 'இயங்குகிறது' என்று எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் 'மாற்றினார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். 'பெயர்த்தார்கள்' என்றால் கட்டடத்தையே பிடுங்கிவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

பறவைகளுக்கும் யானைகளுக்கும் 'வலசை போதல்' என்ற அழகான சொல் இருக்கிறது. காலம் பார்த்துப் போய், காலம் பார்த்துத் திரும்புவது. இதை 'இடம்பெயர்வு' என்று எழுதினால் அந்தத் திரும்பிவருதல் காணாமல் போய்விடுகிறது. மக்கள் கூட்டமாக ஊரை விட்டுப் போவதற்கும் முன்பு இதையே சொன்னார்கள். சேலத்துக்குப் பக்கத்திலேயே வலசையூர் இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும்.

ஆறாம் படி: உருபைச் சரிபாருங்கள்

போகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் குடிபெயர்தல். சேர்கிற ஊரின் பக்கம் நின்று பார்த்தால் குடியேறுதல். குடிபெயர்தலுக்கு 'இலிருந்து', 'உக்கு' இரண்டும் வேண்டும்: காஞ்சியிலிருந்து சேர்வராயன் மலைக்குக் குடிபெயர்ந்தார்கள். குடியேறுதலுக்கு 'இல்' போதும்: சேர்வராயன் மலையில் குடியேறினார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் பயணம் முழுமையாகிவிடும்: 'காஞ்சியிலிருந்து குடிபெயர்ந்து சேர்வராயன் மலையில் குடியேறினார்கள்.'

செடிக்கும் இது பொருந்துமா என்று ஒரு கல்லூரி மாணவி கடையில் கேட்டாள். ஏற்காட்டுக் காப்பியைப் பற்றி அவளுக்குப் புராஜெக்ட். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார். 'காப்பி ஏற்காட்டில் குடியேறியது' என்று அவள் எழுதியிருந்தாள். அழகாக இருந்தது, ஆனால் செடி தானாக வரவில்லை. 'கொண்டுவந்து நட்டார்' என்று மாற்றச் சொன்னேன். நாற்றை மேடையிலிருந்து மண்ணோடு எடுத்து வேறு இடத்தில் வைப்பதற்கு 'பெயர்த்து நடுதல்' என்ற சொல் இருக்கிறது. வளர்ந்த மரத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் அதேதான். அங்கேயும் பிடிப்பு உண்டு, கையும் உண்டு.

ஏழாம் படி: யார் செய்தது என்று கேளுங்கள்

மற்ற படிகளில் பிழை வந்தால் நடை கெடும். இந்தப் படியில் பிழை வந்தால் நியாயம் கெடும்.

மேட்டூர் அணையின் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. காவிரி தேங்கிய இடத்தில் ஊர்கள் இருந்தன, கோயில்கள் இருந்தன, தேவாலயம் இருந்தது. நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பரிசலில் போய்ப் பார்த்து வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அப்போதெல்லாம் வரும் செய்திகளில் 'அணை கட்டியபோது மக்கள் இடம்பெயர்ந்தனர்' என்ற வரி தவறாமல் இருக்கும்.

இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் மக்கள்தான் எழுவாய். அவர்களாக எழுந்து போனதுபோல இருக்கிறது. நடந்தது அது இல்லை. தண்ணீர் வரப்போகிறது, போய்விடுங்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். 'இடம்பெயர்க்கப்பட்டனர்' என்று எழுதும்போது ஒரு 'ந்த்' போய் 'க்க' வருகிறது, 'பட்டனர்' சேர்கிறது, அவர்களைப் பெயர்த்த ஒரு கை இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. யார் என்பதையும் சேர்த்தால் இன்னும் தெளிவு: 'அணைக்காக அரசு அவர்களை இடம்பெயர்த்தது.' அந்த அணையால் டெல்டா விளைந்தது என்பதும் உண்மைதான், அதையும் அடுத்த வரியில் எழுதலாம். ஒரு உண்மையைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

எப்படிச் சரிபார்ப்பது? வாக்கியத்தில் 'தாங்களாகவே' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'மக்கள் தாங்களாகவே இடம்பெயர்ந்தனர்.' படிக்கும்போது பொய் என்று தோன்றினால் 'பெயர்க்கப்பட்டனர்' என்று மாற்றுங்கள். உண்மை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளுக்கு அது பொருந்தும். பண்ணவாடிக்குப் பொருந்தாது.

மனுவில் இன்னும் கடுமையான சொற்களும் தேவைப்படும். 'வெளியேற்றப்பட்டோம்' என்றால் உள்ளே இருந்தவரை வெளியே அனுப்பினார்கள். 'அப்புறப்படுத்தப்பட்டோம்' என்பதைப் பொருளுக்கும் தடைக்கும் சொல்வதுபோல மனிதருக்கும் சொல்கிறார்கள். அதிகாரக் கடிதங்களில் 'ஆக்கிரமிப்புகள் அப்புறப்படுத்தப்பட்டன' என்று வரும், வீடு என்ற சொல்லே வராது. பட்டா வைத்திருக்கிறவர் தன் மனுவில் அந்தச் சொல்லைத் திருப்பி எழுதக் கூடாது. 'பட்டா நிலத்தில் இருந்த எங்கள் வீடு இடிக்கப்பட்டது, நாங்கள் வெளியேற்றப்பட்டோம்' என்று எழுத வேண்டும். பிறகு கேட்க வேண்டியது 'மறுகுடியமர்வு'. 'மாற்று இடம்' என்று மட்டும் எழுதினால் வெறும் நிலத்தோடு முடிந்துவிடும். குடியமர்வு என்றால் தண்ணீர், பாதை, மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வர வேண்டும் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்.

அந்தப் பெரியவரின் மனுவை அன்று சாயங்காலம் திரும்ப அடித்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'சாலையை அகலப்படுத்தும் பணிக்காக எங்கள் வீடு இடிக்கப்பட்டு, 5 பேர் கொண்ட எங்கள் குடும்பம் இடம்பெயர்க்கப்பட்டது.' படித்துக் காட்டினேன். "இன்னொருக்கா படிங்க தம்பி" என்றார். படித்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடம் எது என்று கேட்டார்.